எட்டு மணி டாக்டர்

டாக்டர் மஹ்ரீனுக்கு வீட்டுக்குப் போகத் தெரியாது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு இருந்தது. கேலியாகத்தான் சொன்னார்கள், ஆனால் கேலிக்குள்ளே கொஞ்சம் மரியாதையும் இருந்தது. அவளுடைய பல் தேய்க்கிற பிரஷ் டூட்டி அறை ஜன்னலில் நின்றது. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் பாட்டிலும் அங்கேதான். இத்தனைக்கும் அவள் உள்ளூர்க்காரி. வீடு விருதுநகர் பஜாருக்குப் பின்னால், ஆட்டோவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவர்கள்கூடச் சொந்தக் கட்டிலை அவளைவிட அதிகமாகப் பார்த்திருப்பார்கள்.

ஊருக்கு வெளியே நான்கு வழிச்சாலை ஓரமாக இருந்த தனியார் அறக்கட்டளை ஆஸ்பத்திரி அது. எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் அவசர சிகிச்சைக்கென்று மேலும் மூன்று வருஷம் அங்கே படிக்கலாம். படிப்பு என்றுதான் பேர். புத்தகத்தைத் திறந்தால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும். பாம்பு கடித்தவர், பூச்சிமருந்து குடித்தவர், லாரியில் மோதியவர், சீசன் நாளில் பட்டாசு ஆலையிலிருந்து வெந்து வருகிறவர் என்று யார் வந்தாலும் முதலில் தொடுகிற கை இந்தப் பி.ஜி. டாக்டர்களுடையது. காலையில் டூட்டிக்கு வந்தால் மறுநாள் சாயங்காலம் போவது வழக்கம். அப்படி இருக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. முன்னால் படித்தவர்கள் அப்படி இருந்தார்கள், ஆகவே பின்னால் வந்தவர்களும் இருந்தார்கள். மாமியார் பட்ட பாட்டை மருமகளும் படவேண்டும் என்கிற கதைதான்.

மற்றவர்கள் முனகிக்கொண்டே செய்ததை மஹ்ரீன் விரும்பிச் செய்தாள். அது அவளுடைய அத்தாவிடமிருந்து, அதாவது அப்பா சம்சுவிடமிருந்து வந்த குணம். அவருக்குப் பஜாரில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். தான் நிற்காமல் கடையில் ஒரு மூட்டை இறங்கியதில்லை என்பது அவருடைய பெருமை. எந்த ஊர்க் கடைக்கு எந்தத் தரம், எந்த ஆர்டர் எப்போது போகவேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. வேலையாட்களிடம் மூச்சுவிட மாட்டார். "எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்பார். ஒரு வருஷம் டெங்கு வந்து அவர் படுத்தபோது கடை திறந்துதான் இருந்தது, வியாபாரம்தான் நடக்கவில்லை. தேனிக்குப் போகவேண்டிய வத்தல் தென்காசிக்குப் போய் இறங்கியது. காய்ச்சலிலும் அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

"பாத்தியா, நான் இல்லைன்னா என்ன ஆகுதுன்னு" என்றார் மனைவியிடம்.

"நீங்க இல்லைன்னா ஒண்ணும் ஆகாதபடி வச்சிருக்கீக. இதுல என்ன பெருமை?" என்றாள் கமருன்னிசா.

மஹ்ரீன் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் அத்தா பக்கம்தான் சேர்ந்தாள்.

டாக்டரான பிறகும் அதே கட்சிதான். தான் பார்க்க ஆரம்பித்த நோயாளியைத் தானே முடித்துவிடவேண்டும் என்பாள். அடுத்த டூட்டிக்காரர் வந்து நின்றாலும், "இரு, இந்த ஒருத்தரை மட்டும் பாத்துட்டு வாரேன்" என்பாள். அந்த ஒருத்தர் முடிய இன்னொருத்தர் வந்திருப்பார். நோயாளிகளுக்கும் இது பிடித்திருந்தது. கண் விழித்தால் அதே முகம், அதே குரல், எதையும் திரும்பச் சொல்லத் தேவையில்லை. "அந்த பாய் வீட்டு டாக்டரம்மா" என்று சாத்தூர் வரைக்கும் அவளுக்குப் பேர் இருந்தது.

அதற்காக அவளுடைய உடம்பு இரும்பாலானது என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒருமுறை இரண்டாம் நாள் மதியம், எதிரே நின்ற ஆளிடம் எத்தனை நாளாகக் காய்ச்சல், வாந்தி உண்டா, ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் உண்டா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாள். அவரும் மரியாதைக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில், "டாக்டரம்மா, நான் டீ கொண்டாந்தவன்" என்றிருக்கிறார். அந்தப் பிரிவே ஒரு வாரம் சிரித்தது. மஹ்ரீனும் சேர்ந்து சிரித்தாள். அது சிரிக்கிற விஷயம்தானா என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றவைத்தவன் சிவபாண்டி. அவளுக்கு ஒரு வருஷம் இளையவன், ஆனைக்குட்டத்துக்காரன். ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடி ஒரு பகல் என்று டூட்டி பார்த்துவிட்டுப் பைக்கில் ஊருக்குப் போனவன், கருவேலம்புதருக்குள் கண் விழித்தான். எப்படிப் போனான் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. எந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று டூட்டியை முடித்தானோ அதே கட்டிலில் அவனைக் கொண்டுவந்து போட்டார்கள்.

அந்தப் பிரிவின் தலைவி டாக்டர் அழகுமீனா. விவசாயக் கூலிகளாகக் காட்டுவேலை பார்த்த குடும்பத்திலிருந்து படித்து வந்தவர், பேச்சில் பூசி மெழுகத் தெரியாதவர். சிவபாண்டிக்கு எலும்பில் தகடு வைத்த மறுநாள் நிர்வாகத்தோடு போய்ச் சண்டை போட்டார். ஆள் பற்றாது என்றார்கள். "ஆள் பத்தாதுன்னுதான் இருக்கிற ஆளை உசுரோட வச்சிருக்கச் சொல்றேன்" என்றார். எப்படியோ இன்னும் இரண்டு டாக்டர்களைச் சேர்க்கவைத்து, ஆவணி மாதம் புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். தொடர்ந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் டூட்டி கிடையாது. காலை எட்டு, ராத்திரி எட்டு. வாரத்தில் ஒரு நாள் கண்டிப்பாக ஓய்வு.

எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார். "எட்டு மணிக்கு மேல உங்க மூளை எனக்கு வேண்டாம். அது மூளையே இல்ல, ஊறவச்ச அவல். போறதுக்கு முன்னால ஒவ்வொரு கட்டிலா நின்னு அடுத்தவங்ககிட்ட ஒப்படைக்கணும். உங்க தலைக்குள்ள அந்த ஆளைப் பத்தி என்ன இருக்கோ அம்புட்டையும் சொல்லணும். வாங்கிக்கிறவங்க கடைசியா, 'வேற ஏதாவது இருக்கா'ன்னு கேக்கணும். தலையைக் காலி பண்ணிட்டு வீட்டுக்குப் போங்க."

"மேடம், நம்ம முகத்தைப் பாத்துத்தான் நம்பி இருக்காங்க. பாதியில விட்டுட்டுப் போனா என்ன நினைப்பாங்க?" என்று மஹ்ரீன் கேட்டாள்.

"உன்னை நம்பியா வாராக? ஆஸ்பத்திரிய நம்பி வாராக" என்றார் அழகுமீனா.

மஹ்ரீனுக்குச் சுருக்கென்றது. அந்த மாதம் முழுக்க அவள் எட்டு மணிக்கு ஒப்படைப்பாள், பிறகு டூட்டி அறையில் எதையோ தேடுவாள், கடுங்காப்பி குடிப்பாள், மறுபடி கட்டில் பக்கம் ஒரு நடை போய்வருவாள். பிரஷ் ஜன்னலிலேயே நின்றது. ஒப்படைப்பது அவளைப் பொறுத்தவரை ஒரு சம்பிரதாயம். தான்தான் அங்கேயே இருக்கிறாளே, எல்லாவற்றையும் எதற்குச் சொல்லவேண்டும்?

தீபாவளிக்கு முன்னால், சீசன் உச்சத்தில் இருந்தபோதுதான் முத்துமாரி வந்தாள். மஹ்ரீனுக்கு ராத்திரி டூட்டி. விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில் ஒரு லோடு வேன் வந்து நின்றது. முப்பது வயதுக்காரி ஒருத்தியை இறக்கினார்கள். முகம் செக்கச் செவேலென்று இருந்தது, புருவம் பொசுங்கியிருந்தது, இரண்டு கையிலும் தோல் உரிந்திருந்தது. கூட வந்தவன் அவள் புருஷன் கருப்பணன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஊர் என்றான்.

"பால் காய்ச்சும்போது கேஸ் அடுப்பு குப்புன்னு பத்திக்கிருச்சு டாக்டரம்மா" என்றான்.

அடுப்புத் தீயா வேறு தீயா என்று அந்தப் பக்கத்து டாக்டர்கள் சேலையை முகர்ந்தே சொல்லிவிடுவார்கள். வெடிமருந்தின் நெடி அப்படி. ஆனால் முத்துமாரி கட்டியிருந்தது மடிப்புக் கலையாத புதுச்சேலை. அதில் பெட்டி வாசனைதான் இருந்தது. மஹ்ரீன் கண்ணில் பட்டது வேறு. முத்துமாரியின் தலைமுடி வேரோடு ஈரமாக இருந்தது. பக்கத்திலேயே இருக்கிற சாத்தூரையும் சிவகாசியையும் விட்டுவிட்டு இம்புட்டுத் தூரம் ஏன் வந்தார்கள் என்பதும் இடித்தது. கருப்பணனைச் சீட்டுப் போட அனுப்பிவிட்டுக் கட்டில் அருகே குனிந்தாள்.

"தீப்பட்ட உடம்பை எதுக்கு இப்படித் தலையோட குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்தாக?"

முத்துமாரி கண்ணை மூடிக்கொண்டாள். "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

"சொல்லமாட்டேன்."

அதன்பிறகு மெல்லச் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் சரவெடி பின்னுகிறார்கள். லைசென்ஸ் கிடையாது. சீசனில் கம்பெனிகளுக்கு ஆர்டர் தாங்காதபோது புரோக்கர் வெடியையும் திரியையும் கொண்டுவந்து இறக்குவான், பின்னியதை அள்ளிக்கொண்டு போவான். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு, விடியும் முன்னே உட்கார்ந்து பின்னுவார்கள். இன்றைக்குத் திரியை இழுக்கும்போது எங்கேயோ உரசிப் பொறி பறந்தது. கதவுக் கொண்டி கைக்கு அகப்படவில்லை.

"புகையில கண்ணு தெரியல. அங்கனயே கெடந்தேன். அவுக வந்து கதவை ஒடச்சுத்தான் தூக்குனாக. ஆஸ்பத்திரிக்குப் போனா மருந்து வாடை காட்டிக்கொடுத்துரும்னு குளிப்பாட்டுனாக. வெளிய தெரிஞ்சா அவுகளை உள்ள வச்சிருவாக டாக்டரம்மா. பக்கத்து வீட்டு முருகேஸ்வரி வீட்டுலயும் இதே வேலைதான். ஊரே மாட்டிக்கிரும்."

சாத்திய அறைக்குள் புகையைக் குடித்த உடம்பு என்றால் விஷயம் வேறு. வெளிக்காயம் கொஞ்சமாகத்தான் தெரியும். உள்ளே தொண்டை மெதுவாக வீங்கும். சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, பேச்சு நன்றாக இருக்கும், பிறகு குரல் கம்மும், கம்மிய கொஞ்ச நேரத்தில் மூச்சுப்பாதை அடைத்துவிடும். வீங்குவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்தால் வாய்வழியாகக் குழாய் போட்டுக் காப்பாற்றிவிடலாம். மஹ்ரீன் தொண்டையைப் பார்த்தாள். லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். குரல் தெளிவாக இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தாள். புருஷன் சொன்னபடி, கேஸ் அடுப்புத் தீ என்றே எழுதிக்கொண்டாள். தாளில் இருப்பது தாளில் இருக்கட்டும், உண்மை என் தலையில் இருக்கிறது, நான்தான் இங்கேயே இருக்கப்போகிறேனே என்று நினைத்தாள்.

அதன்பிறகு கொஞ்சத்துக்கு ஒருதரம் அந்தக் கட்டிலுக்கு வந்து, "உங்க பேரு என்ன?" என்று கேட்டாள். குரலைக் கேட்கத்தான். அது முத்துமாரிக்குத் தெரியாது. மூன்றாம் தரம் கேட்டபோது வெந்த முகத்தோடு சிரிக்கப் பார்த்தாள்.

"முத்துமாரிதான் டாக்டரம்மா. இன்னும் மாத்தல. உங்களுக்கு மறதி சாஸ்தி."

எட்டு மணிக்குச் சிவபாண்டி வந்தான். தோள் இன்னும் முழுசாகத் தூக்க வரவில்லை, ஆனாலும் வேலைக்குத் திரும்பியிருந்தான். இருவரும் கட்டில் கட்டிலாக நின்றார்கள். முத்துமாரியின் கட்டிலுக்கு வந்தபோது கருப்பணன் தலைமாட்டில் நின்றான். முத்துமாரி மஹ்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வார்த்தை தவறிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது.

"முகத்துலயும் கையிலயும் தீக்காயம். கேஸ் அடுப்பு. மூச்சு நல்லா இருக்கு. வலிக்கு ஊசி போட்டிருக்கேன்" என்றாள் மஹ்ரீன்.

"வேற ஏதாவது இருக்காக்கா?"

"ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு டூட்டி அறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நடை போய்ப் பேர் கேட்டுவிட்டு வரலாம் என்பது அவள் கணக்கு. காப்பியைக் கையில் எடுத்தபோது வாசலில் அழகுமீனா நின்றார்.

"இன்னும் இங்கன என்ன பண்ற?"

"கொஞ்ச நேரம் மேடம். அந்தத் தீக்காய அம்மாவ மட்டும்..."

"சிவபாண்டி எதுக்கு இருக்கான்? ஒப்படைச்சாச்சா?"

"ஆச்சு."

"எல்லாத்தையும் சொல்லியாச்சா?"

"ஆச்சு மேடம்."

"அப்ப கிளம்பு. வண்டிச் சாவியைக் குடு. இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு நீ ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம்." கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அதில் ஒரு தாயின் கண்டிப்புதான் இருந்தது. மஹ்ரீனுக்குக் கோபம் கோபமாக வந்தது. சரி, ஆட்டோவிலிருந்தே சிவபாண்டிக்குப் போன் போட்டு, காரணத்தைச் சொல்லாமல், குரலை மட்டும் கவனிக்கச் சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தாள்.

வீட்டு வாசலில் ஆட்டோக்காரர் எழுப்பிய பிறகுதான் கண் திறந்தாள். எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை. கமருன்னிசா இட்லி வைத்தாள். ஒன்று சாப்பிட்டாள். படுத்துக்கொண்டே பேசலாம் என்று கட்டிலில் சாய்ந்தாள். கமருன்னிசா வந்து பார்த்தபோது போன் நெஞ்சின்மேல் கிடந்தது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். பெற்றவளுக்கு அதற்குமேல் என்ன தெரியும்.

மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு காதில் விழுந்து மஹ்ரீன் விழித்தாள். முதலில் எந்த இடம் என்று புரியவில்லை. அடுத்து முத்துமாரி ஞாபகம் வந்தது. சொன்னோமா, சொல்லவில்லையா? போன் போட்டுச் சொன்ன மாதிரியும் இருந்தது, கனவு மாதிரியும் இருந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். யாருக்கும் போகவில்லை.

"சிவபாண்டி, அந்தத் தீக்காய அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லாத் தூங்குறாங்கக்கா. பாவம், ராத்திரிப் பூரா முழிச்சவங்க. யாரும் எழுப்பக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

மஹ்ரீன் எழுந்து உட்கார்ந்தாள். "எழுப்பு. பேசச் சொல்லு. இப்பவே."

அவன் நடக்கிற சத்தம் கேட்டது. திரைத்துணி விலகுகிற சத்தம். "அம்மா, அம்மா" என்று இரண்டு தரம் கூப்பிட்டான். பதிலுக்கு ஒரு குரல் வந்தது. தகரத்தைத் தரையில் தேய்த்தது போல இருந்தது. அதற்குப் பின்னால் மூச்சு இழுக்கிற சீழ்க்கைச் சத்தம்.

"அக்கா..."

"அது கேஸ் அடுப்பு இல்ல. சரவெடி. கதவு சாத்தின ஷெட்டு. புகையிலேயே கெடந்திருக்காங்க."

மறுமுனையில் போனை எங்கேயோ வைக்கிற சத்தம், "மேடம்!" என்று அவன் கத்துகிற சத்தம், ஓடுகிற சத்தம். அப்புறம் அதுவும் அறுந்துபோனது.

வாசலுக்கு வந்து நின்றாள். வண்டி ஆஸ்பத்திரியில் இருந்தது. போனாலும், நடக்கிறது நடந்து முடிந்த பிறகுதான் போய்ச் சேருவாள். தொழுகை முடிந்து சாப்பிட வந்த சம்சு மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா?" என்றார்.

"ஒரு விஷயத்தை யாருகிட்டயும் சொல்லாம நானே வச்சுக்கிட்டேன் அத்தா."

கையைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "பொறுப்பானவ அப்படித்தான் இருப்பா. ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டா இருக்கிறது?"

அவள் பிறந்ததிலிருந்து அவர்மேல் அப்படிக் கோபம் வந்ததில்லை. அவரையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க, அந்தக் கோபத்துக்கு உரியவர் அவர் இல்லை என்பது விளங்கியது. சம்சு சோற்றில் கை வைத்தார், மகள் போன் முன்னால் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் ஆகும் முன்னே சிவபாண்டி கூப்பிட்டான். "வாய்வழியா குழாய் போகலக்கா. உள்ள அம்புட்டு வீக்கம். மேடம் கழுத்துல ஓட்டை போட்டு மூச்சுக்கு வழி வச்சாங்க. கொஞ்ச நேரம் மூச்சே இல்ல. இப்ப உயிர் இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "நான்தான் தூங்கட்டும்னு விட்டுட்டேன்" என்றான். அந்தப் பழியையும் அவனே எடுத்துக்கொள்கிறான் என்பதை மஹ்ரீனால் தாங்கமுடியவில்லை. முதல்முறையாக அழுதாள்.

மறுநாள் அழகுமீனாவின் அறைக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"திட்டுங்க மேடம்."

"திட்டுனா உனக்கு லேசாயிரும். திட்டமாட்டேன்."

அந்தப் பதில் மஹ்ரீனை எங்கேயோ குத்தியது. "நான் அங்க இருந்திருந்தா இது நடந்திருக்காது. நீங்கதான் பிடிச்சு வெளிய அனுப்புனீங்க" என்றாள்.

அழகுமீனா கோபப்படவில்லை. "இருந்திருப்ப, சரி. முழிச்சிருந்திருப்பியா? ஆட்டோவுல தூங்குனவ நாற்காலியில தூங்கியிருக்கமாட்டியா?" என்று கேட்டார். அப்புறம் தனக்கே சொல்வதுபோல, "நானும் எட்டு மணிக்குத் துரத்துறதுல காட்டின கவனத்தை, என்ன சொல்லிட்டுப் போறாங்கன்னு பாக்குறதுல காட்டல" என்றார்.

உண்மையை இனி எழுதாமல் இருக்கமுடியாது. திருத்தி எழுதினார்கள். போலீஸ் ஏழாயிரம்பண்ணைக்குப் போனது. ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள், கருப்பணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். புரோக்கர் அகப்படவில்லை, அவர்கள் அகப்படுவதில்லை. அடுத்த டூட்டிக்கு வந்த மஹ்ரீன் முத்துமாரியின் கட்டிலுக்குப் போனாள். கழுத்தில் குழாயோடு கிடந்தவளால் பேசமுடியாது. மஹ்ரீனை ஒருதரம் பார்த்தாள், பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எத்தனையோ பேருடைய ஏச்சைக் கேட்டிருந்த மஹ்ரீனுக்கு அந்த ஒரு திரும்பல் பொறுக்கமுடியாத வலியாக இருந்தது. மன்னிப்புக் கேட்க நாலு வார்த்தை யோசித்து வந்திருந்தாள். ஒன்றையும் சொல்லாமல் மூச்சு அளவைப் பார்த்து எழுதிவிட்டு நகர்ந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது ஜன்னலில் இருந்த பிரஷையும் எண்ணெய் பாட்டிலையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு எட்டு அடித்தால் கிளம்பிவிடுவாள். பத்து நிமிஷம் முன்னதாகவே ஒப்படைக்க ஆரம்பிப்பாள், அதுதான் அந்தப் பிரிவிலேயே நீளமான ஒப்படைப்பு. நோயாளி எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார், தனக்கு எது உறுத்துகிறது, எல்லாம் வரும். "அக்கா, போதும்" என்று சிவபாண்டி கும்பிடுவான். பழைய நோயாளிகளில் சிலருக்கு வருத்தம். "முந்தி மாதிரி இல்ல, இப்ப எட்டு மணி டாக்டர் ஆயிட்டாக" என்றார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. அவள் மறுக்கவில்லை. ஒரே ஒரு பழக்கத்தைப் புதிதாக வைத்துக்கொண்டாள். யாராவது குரலைத் தாழ்த்தி, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவாள். "எனக்குச் சொன்னா அடுத்து வர்ற டாக்டருக்கும் தெரியும். நான் எட்டு மணிக்குப் போயிருவேன். அது சம்மதம்னா சொல்லுங்க" என்பாள். சிலர் சொன்னார்கள், சிலர் வாயை மூடிக்கொண்டார்கள். மூடிக்கொண்டவர்களைப் பற்றி, இவர் எதையோ மறைக்கிறார் என்று ஒப்படைக்கும்போது சொல்லிவிடுவாள்.

பங்குனி வெயில் ஆரம்பித்திருந்த ஒரு காலை, டூட்டி மாறுகிற நேரத்தில், ஒரு ஆட்டோ வந்தது. கையும் கழுத்தும் வெந்த ஒருத்தியை இன்னொருத்தி தாங்கிப் பிடித்து இறக்கினாள். இறங்கும்போதே வெடிமருந்து வாடை குப்பென்று வந்தது. சேலை முழுக்க அலுமினியப் பொடி அப்பி வெள்ளியாக மின்னியது. தலைமுடி காய்ந்து, கருகி, அப்படியே இருந்தது.

தாங்கிப் பிடித்தவள் கழுத்தில் தழும்பு இருந்தது. முத்துமாரி.

குழாயை எடுத்துத் துளை மூடி மாசக்கணக்கு ஆகியிருந்தது. கருப்பணன் ஜாமீனில் வந்து ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றப் போகிறான் என்று யாரோ சொல்லி மஹ்ரீன் கேள்விப்பட்டிருந்தாள். நேரில் பார்ப்பது அந்தத் திரும்பலுக்குப் பிறகு இதுதான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றாள்.

"பக்கத்து வீட்டு முருகேஸ்வரி" என்றாள் முத்துமாரி. குரல் கரகரவென்று, பாதி காற்றாக வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினாள். "குளிப்பாட்டணும்னாக. நான் விடல. அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன்."

முருகேஸ்வரி வலியிலும் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். சொல்லாதே என்பதுதான். முத்துமாரி அந்தக் கையை விலக்கிவிட்டு டாக்டர் பக்கம் குனிந்தாள்.

மஹ்ரீன் பழக்கப்படி கையைக் காட்டினாள். இந்த ஒருத்தியிடம் அதைச் சொல்ல நாக்கு கூசியது, ஆனாலும் சொன்னாள். "எனக்குச் சொன்னா அடுத்து வர்ற டாக்டருக்கும் தெரியும். நான் எட்டு மணிக்குப் போயிருவேன்."

முத்துமாரி அவளை நேராகப் பார்த்தாள். இந்தமுறை முகத்தைத் திருப்பவில்லை.

"அப்ப அவரையும் இப்பவே கூப்பிடுங்க" என்றாள். "ரெண்டு தடவ சொல்ல என் தொண்டை தாங்காது."